பரம்பரைக் கணக்கறிந்த பேராசிரியர் ஹோல்டேன்

எங்கள் நிந்தவூரிலே ஒரு வீட்டிற் பிள்ளை பிறந்ததென்றால், பார்க்கச் செல்லும் பெண்கள் முதலிற் செய்யுங் காரியம் ஒன்றுண்டு. குழந்தையின் முகத்தை உற்று நோக்கி, மூக்கு வாப்பாவின் மூக்கு, நெற்றி உம்மாவின் நெற்றி, காது மாத்திரம் எவருடையதென்று தெரியவில்லை எனப் பங்கு பிரிப்பர். ஈற்றில் அந்தக் காதுக்கு உரியவரும் அகப்படுவார். மண்ணறைக்குப் போய் முப்பது ஆண்டு கழிந்த ஒரு பாட்டனாரின் பெயர் வெளிவரும். பெற்றோர் இருவரிடமும் காணப்படாத அவ்வடையாளம் இத்தனை காலமும் எங்கே ஒளிந்திருந்தது? இவ்வினாவை எழுப்பாத மக்கட் கூட்டம் உலகில் இல்லை. ஆயின், இதற்கு விடையைக் கணக்காக எழுதிக் காட்டியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஆங்கிலேயராகப் பிறந்து இந்தியராக மறைந்த பேராசிரியர் ஜே. பி. எஸ். ஹோல்டேன்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒரு பண்டிதனுக்கு விஞ்ஞானியின் வரலாற்றிலே என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். காரணம் இரண்டு. ஹோல்டேன் விஞ்ஞானத்திற் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். பழைய மொழிகளையும் அவற்றின் இலக்கியத்தையும் கற்றுத் தேறியவர். அவ்வகையில் அவர் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர். மற்றைய காரணம் என் குடும்பத்தைப் பற்றியது. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

சுரங்கத்திற் கற்ற பாடம்

ஹோல்டேன் 1892 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் நகரிலே பிறந்தார். தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், மனிதர் மூச்சு விடும் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர். கரிச்சுரங்கத் தொழிலாளர் நச்சுக் காற்றினால் மாள்வதைத் தடுக்க வழி தேடியவர். அதன் பொருட்டுத் தம் உடம்பையே சோதனைக்கு உட்படுத்தியவர். சுரங்கங்களுக்கு இறங்கும்போது சிறுவனாகிய மைந்தனையும் உடனழைத்துச் செல்வார். அவ்வாறு சென்ற ஒரு நாள், சுரங்கத்தின் ஓரிடத்திலே மகனை எழுந்து நிற்கச் செய்து, சேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் அந்தோனி நிகழ்த்தும் உரையை ஒப்புவிக்கும்படி பணித்தார். சில அடிகளைச் சொல்லி முடிப்பதற்குள் சிறுவனுக்கு மூச்சு முட்டியது. கால்கள் தளர்ந்து கீழே விழுந்தான். தரையிற் கிடந்ததும் மூச்சுத் தெளிந்தது. சுரங்கத்தில் எழும் எரிவாயு காற்றினும் இலேசானது, மேலேதான் தங்கும், தரையை ஒட்டிக் கிடந்தால் உயிர் தப்பலாம் என்னும் பாடத்தை அவர் பின்னர் ஒருபோதும் மறந்தாரல்லர். முப்பது ஆண்டுகளாக மாணவரைச் செய்யுள் மனனஞ் செய்வித்து வருபவன் நான். மனனப் பாடத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பதை ஹோல்டேனின் வரலாற்றைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

எட்டு வயதிலே, 1901 ஆம் ஆண்டில், தந்தையார் அவரை ஒரு மாலைச் சொற்பொழிவுக்கு அழைத்துச் சென்றார். டார்பிஷயர் என்பார் பேசினார். பொருள், மெண்டெல் கண்ட பரம்பரை விதிகள்.

கிரெகோர் மெண்டெல் என்பார் இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த புருண் நகரத்து மடாலயத் துறவி. பாடசாலை ஆசிரியராகவும் விளங்கியவர். மடாலயத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை எட்டு ஆண்டு வளர்த்து, எண்ணிக் கணக்கெடுத்து, 1865 இல் உள்ளூர்ச் சங்கமொன்றிற் படித்தார். கேட்டோர் எவரும் அதன் பெறுமதியை உணர்ந்திலர். அவர் 1884 இல் இறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1900 இல், ஐரோப்பிய அறிஞர் மூவர் அவ்வேட்டைத் தூசு தட்டி எடுத்தனர். ஆகவே சிறுவன் ஹோல்டேன் கேட்டது அக்காலத்தில் உலகமே அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்த புதுச் செய்தியாகும்.

ஏட்டுச் சுவடி என்னும் உவமை

அச்செய்தியை எங்கள் முறையிலே விளக்குகிறேன். உடம்பின் ஒவ்வொரு குணத்துக்கும் நம்மிடம் இரண்டு ஏடுகள் உள எனக் கொள்வோம். ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. நாம் நம் பிள்ளைக்கு அவ்விரண்டில் ஒன்றையே பெயர்த்துக் கொடுக்கிறோம். எதைக் கொடுப்போம் என்பது சீட்டுக் குலுக்குவது போன்றது. இரண்டு ஏட்டிலும் வெவ்வேறு பாடம் இருந்தால், சில வேளைகளில் ஒன்று மாத்திரம் உரத்து ஒலிக்கும். மற்றது வாய் திறவாது கிடக்கும். முன்னதை ஆட்சியானது என்றும் பின்னதைப் பின்னிடைவானது என்றும் பாடநூல்கள் கூறும். வாய் திறவாத ஏடு அழிந்து போவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெயர்க்கப்பட்டுச் செல்லும். தன்னைப் போன்ற இன்னொன்றுடன் ஒரே பிள்ளையிற் சேரும் நாளிலே அது வெளிப்படும். பாட்டனாரின் காது இடையிலே ஒளிந்திருக்கக் கூடிய இடம் இதுவே. காதினுடைய வடிவத்தை ஆள்வன பல ஏடுகள் என்பதை மாத்திரம் நினைவிற் கொள்க.

மெண்டெல் மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் கலந்தார். முதற் தலைமுறையில் யாவும் மஞ்சளாயின. அவற்றைத் தம்முள்ளே கருவுற விட்டபோது, அடுத்த தலைமுறையில் மஞ்சள் 6,022, பச்சை 2,001 எனக் கிடைத்தன. மூன்றுக்கு ஒன்று. இரண்டு ஏட்டிலும் பச்சையென்னும் பாடம் அமைவது நாலிலொரு பங்கு என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. விஞ்ஞானிகள் அவ்வேட்டைப் பரம்பரையலகு என்பர். பல ஏடுகள் கோத்த கட்டினை நிறமூர்த்தம் என்பர். இவை பற்றிய துறையைப் பிறப்புரிமையியல் என்பர்.

தங்கையும் சீமைப் பெருச்சாளிகளும்

ஹோல்டேனுக்கு நவோமி என்றொரு தங்கை இருந்தார். பிற்காலத்தில் நவோமி மிச்சிசன் என்ற பெயரிலே நாவலாசிரியராகப் புகழ் பெற்று, நூறாண்டு கடந்து வாழ்ந்து 1999 இல் மறைந்தவர். அவர் சிறுமியாயிருந்தபோது வீட்டுப் புற்றரையிலே சீமைப் பெருச்சாளிகளை வளர்த்தார். அண்ணனுக்கு அவை மெண்டெலின் பட்டாணிகளாகத் தோன்றின. இருவரும் அவற்றின் நிறங்களைத் தலைமுறை வாரியாகக் கணக்கெழுதலாயினர். முந்நூறு அளவில் அவை பெருகின. பின்னர் எலிகளிலே கருத்தைச் செலுத்தினர். நிறம் பற்றிய இரு குணங்கள், தனித்தனியே சீட்டுக் குலுக்கப்படாமல் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடர்ந்தே பிள்ளைக்குச் செல்வதைக் கண்டனர். ஒரே கட்டில் அடுத்தடுத்துக் கோத்த ஏடுகள் ஒன்றாய்க் கைமாறுவது இயல்பன்றோ? பாலூட்டி இனத்திலே இத்தொடர்பைக் காட்டிய முதலாவது கட்டுரை 1915 இல் வெளிவந்தது. அண்ணன், தங்கை, ஸ்ப்ரண்ட் என்னும் நண்பர் ஆகிய மூவர் பெயரும் அதில் இருந்தன. அது அச்சேறிய ஆண்டிலே ஸ்ப்ரண்ட் போர்க்களத்தில் மாண்டார். ஹோல்டேனும் அப்போது பிரான்சிலே பதுங்கு குழியிற் படைவீரராக இருந்தார்.

அதற்கு முன்னரே ஒக்ஸ்போர்டில் அவர் கல்வியை முடித்திருந்தார். கணிதத்தில் ஒரு முதல் வகுப்பு; பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியத்திலும் மெய்யியலிலும் 1914 இல் மற்றொரு முதல் வகுப்பு. பெற்ற பட்டம் அவ்வளவே. விஞ்ஞானத்தை அவர் வீட்டிலும் சுரங்கத்திலும் எலிக்கூட்டிலும் கற்றார்.

போரில் இரு முறை காயமுற்றார். மெசப்பொத்தேமியாவிற் பட்ட காயத்தை ஆற்றுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆள்வோரும் ஆளப்படுவோருமாகப் பிரிந்து கிடந்த அந்நாட்டிலே ஆள்வோருள் ஒருவராய் வாழ அவருக்கு மனமில்லை. இந்தியா விடுதலை பெற்றால் மீண்டும் வருவதென்று உறுதி கொண்டார். அவ்வுறுதி நிறைவேற நாற்பது ஆண்டுகள் சென்றன.

தம்மையே சோதித்த ஆசான்

போருக்குப் பின் ஒக்ஸ்போர்ட், 1923 முதல் கேம்பிரிட்ஜ், 1933 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி என அவருடைய ஆசிரிய வாழ்வு நகர்ந்தது. தந்தையின் வழியிலே தம் உடம்பையே ஆய்வுகூடமாக்கினார். குருதியின் அமிலத்தன்மை மாறும்போது மூச்சு எவ்வாறு மாறும் என அறிய இரசாயனக் கரைசல்களைக் குடித்தார். 1939 இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அமிழ்ந்து 99 பேர் மாண்டபோது, அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதை அறிய அடைத்த உருக்கு அறைக்குள்ளே தாமே புகுந்தார். அத்தகைய சோதனையொன்றில் வலிப்புக் கண்டு முள்ளந்தண்டிற் சேதமடைந்தார். அதன் நோவு ஈறுவரை அவரை விட்டகலவில்லை.

ஆயினும் அவருடைய நிலைத்த புகழுக்குக் காரணம், 1924 முதல் பத்தாண்டு காலம் அவர் தொடர்ந்து எழுதிய கணிதக் கட்டுரைகளே. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வையும் மெண்டெல் கூறிய ஏட்டுக் கணக்கையும் அவர் இணைத்தார். ஓர் ஏடு தன்னை உடையவருக்குச் சிறு நன்மை செய்யுமாயின், எத்தனை தலைமுறையில் அது ஊரெங்கும் பரவும் என்பதை எண்ணிற் காட்டினார். பிஷர், றைட் என்னும் இருவருடன் ஹோல்டேனையும் சேர்த்து இத்துறையின் மூலவர் மூவர் என்பர். 1932 இல் வெளிவந்த அவருடைய கூர்ப்பின் காரணங்கள் என்னும் நூல் இதனைப் பொதுமக்களும் அறியச் செய்தது. நாளிதழ்களிலே தொழிலாளருக்காக நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். சிறுவருக்குக் கதையும் எழுதினார். கடினமான பொருளை எளிய உரைநடையிற் சொல்வது அறிஞனுக்கு இழுக்கன்று எனக் காட்டியவர் அவர்.

அரசர் வீட்டு ஏடு

மனித குலத்தின் பரம்பரை நோய்களை அவர் ஆராய்ந்தமை தனித்துக் கூறத்தக்கது. ஈமோபீலியா என்றொரு நோயுண்டு. சிறு காயத்திலிருந்தும் குருதி உறையாமல் வழியும். இதற்குரிய ஏடு அமைந்த நிறமூர்த்தம் பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்றே. பெண்ணிடம் ஓர் ஏடு பிழைபட்டாலும் மற்றது காக்கும். ஆணுக்கோ காப்பதற்கு வேறேடு இல்லை. ஆகையால் நோயற்ற தாயர் வழியே நோய் நடந்து மைந்தரைத் தாக்கும். விக்டோரியா மகாராணியார் நோயற்றவராயிருந்தும், அவர் வழிவந்த பெண்மக்கள் இதனை ஐரோப்பிய அரசகுலங்கள் பலவற்றுக்குக் கொண்டு சென்றனர். உருசியச் சக்கரவர்த்தியின் ஒரே மைந்தனும் இந்நோயால் வருந்தினான்.

இந்நோயுற்ற ஆண்கள் பெரும்பாலும் பிள்ளை பெறும் பருவத்துக்கு முன்னரே இறந்து வந்த காலம் அது. அங்ஙனமாயின் பிழைபட்ட ஏடுகள் தலைமுறைதோறும் குறைந்து அற்றுப் போதல் வேண்டும். அற்றுப் போகவில்லையே, ஏன்? புதுப் பிழைகள் ஓயாது தோன்றுவதனாலேதான் என ஹோல்டேன் கண்டார். ஏடு பெயர்த்தெழுதும்போது எழுத்துப் பிழை நேர்ந்து பாடபேதம் தோன்றுவதைச் சுவடி பதிப்பித்தோர் அறிவர். உயிரின் சுவடியிலும் அவ்வாறே. அழியும் அளவையும் எஞ்சும் அளவையும் வைத்து, 1935 இல், ஏறத்தாழ 50,000 பெயர்ப்புக்கு ஒரு பிழை என அவர் கணக்கிட்டார். மனிதரின் பரம்பரையலகு எவ்வளவு வேகத்தில் மாறுகின்றது என்பது பற்றி முதன்முதல் எழுந்த மதிப்பீடுகளுள் இஃதொன்று. பின்னர் 1947 இல், இப்பிழைகள் தாயினும் தந்தையிடத்தே மிகுதியாக நேர்வனவென்று காட்டினார். குறைகள் யாவும் தாய்வழி வருவன என்று பெண்களைப் பழிக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அவ்வழக்குக்குக் கணக்கு இடங்கொடுக்கவில்லை.

காய்ச்சலைத் தடுத்த பிழை

1949 இல் அச்சேறிய ஒரு கட்டுரையில் அவர் சொல்லிச் சென்ற கருத்தொன்று எம்மைப் போன்ற வெப்ப நாட்டவரை நேரே தொடுவதாகும். தலசீமியா என்பது குருதியின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபின் போதிய அளவு உண்டாகாத பரம்பரை நோய். ஓர் ஏட்டில் மாத்திரம் பிழை உடையவர் நோயாளியல்லர். தம்மிடம் அஃதுண்டென அறியாமலே வாழ்நாளைக் கழிப்பர். இரண்டேட்டிலும் பிழை அமைந்த பிள்ளையோ, அக்காலத்தில் இளமையிலேயே இறக்கும். மத்தியதரைக் கடலோர மக்களிடத்தில் இவ்வேடு மிகுதியாகக் காணப்பட்டது. பிள்ளைகளைக் கொல்லும் ஏடு எவ்வாறு மிகுந்தது? புதுப் பிழைகளால் மாத்திரம் அவ்வளவு மிகாது என்றார் ஹோல்டேன். அந்நாடுகள் மலேரியா மலிந்தவை. ஓரேட்டில் பிழை உடையவரின் செங்குழியங்கள் அக்காய்ச்சலுக்கு எளிதில் இடங்கொடாமையால் அவர்கள் பிறரினும் மிகுதியாகப் பிழைத்தனர்; அவர்களோடு அவ்வேடும் பிழைத்தது என ஊகித்தார். சிலர் இழந்ததனாற் பலர் காக்கப்பட்டனர். ஆபிரிக்காவில் வேறொரு குருதிக் குறைபாடு பற்றி அலிசன் என்பார் 1954 இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தோடு ஒத்தது. பின்வந்த ஆய்வுகள் தலசீமியாவுக்கும் இதனை உறுதிப்படுத்தின.

இலங்கையும் மலேரியாவால் நெடுங்காலம் வாடிய நாடு. 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்றதெனச் சான்றளித்தது. பகைவன் போய்விட்டான், கவசம் மாத்திரம் நம் குருதியிலே எஞ்சிக் கிடக்கின்றது. அதன் பாரத்தைச் சுமப்போர் இந்நாட்டுக் குழந்தைகள்.

ஒரு குறையும் ஒரு துணிவும்

பெரியோரின் வரலாறு எழுதுவோர் குறையை மறைத்தலாகாது. ஹோல்டேன் பொதுவுடைமைக் கட்சியில் 1942 இற் சேர்ந்தவர். சோவியத் நாட்டிலே லைசென்கோ என்பவர் மெண்டெலின் விதிகளைப் பொய்யென்று கூறி ஆட்சியாளரின் ஆதரவைப் பெற்றார். ஹோல்டேனுக்கு அறிமுகமான மாபெரும் அறிஞர் வவிலோவ் சிறையில் 1943 இல் மாண்டார். வேறெவரினும் இக்கொடுமையை முன்னின்று கண்டித்திருக்க வேண்டியவர் ஹோல்டேன். அவரோ தயங்கினார், சொற்களை அளந்து பேசினார். பின்னர், 1950 அளவிலே கட்சியை விட்டு விலகினார். கணக்கிற் பிழை பொறாத ஒருவர், தாம் நேசித்த கொள்கையின் பிழையைக் காணும்போது கண் தாழ்ந்து நின்றமை நாம் கற்கவேண்டிய பாடமாகும்.

1956 இல் பிரித்தானியா சுயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மீது படையெடுத்தது. அதனைக் கண்டித்தவர், பழைய உறுதியையும் நினைந்து, 1957 இல் மனைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். மஹலனோபிஸ் தலைமை தாங்கிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனம் அவரை வரவேற்றது. அறுபத்து நாலு வயதில் ஊரும் உடையும் உணவும் மாற்றினார். பருத்தி உடை உடுத்தார், புலால் ஒழித்தார், இந்து சமய நூல்களைப் பயின்றார், 1961 இல் இந்தியக் குடிமகனானார். தாம் பதிப்பித்து வந்த பிறப்புரிமையியல் ஆய்விதழையும் உடன்கொண்டு வந்தார். அஃது இன்றும் இந்தியாவிலிருந்தே வெளிவருகின்றது.

ஏழை நாட்டுக்கு ஏற்ற விஞ்ஞானம் எது என்பதை அவர் செய்து காட்டினார். விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராமல், கண்ணாற் காண்க, கையால் எண்ணுக என்பதே அவர் வழி. ரோய் என்னும் மாணவர் பவளமல்லிகைப் பூக்களின் இதழ்களை எண்ணினார். இரு நெல்வகைகளைக் கலந்து விதைத்தால் விளைவு எவ்வாறு மாறும் எனவும் ஆராய்ந்தார். ஜயகர் என்பார் ஆட்காட்டிக் குருவியின் கூட்டைக் காத்திருந்து நோக்கினார். ஆந்திரத்தைச் சேர்ந்த துரோணம்ராஜு என்னும் இளைஞர், சில ஆடவரின் காதோரத்தில் மயிர் அடர்ந்து வளர்வது தந்தையிடமிருந்து மைந்தனுக்கே செல்வதென்று காட்ட முயன்றார். அக்கருத்து 2004 இல் வெளிவந்த ஆய்வினால் மறுக்கப்பட்டது. ஆயினும் தம் ஊராரின் காதையே பாடநூலாகக் கொண்ட அம்முயற்சி போற்றற்குரியது. அவரே ஆந்திரத்து உறவு மணங்களையும் ஆராய்ந்தார். ஹோல்டேனும் ஜயகரும் சேர்ந்து மனித உறவு முறைகளை எண்ணி வகைப்படுத்தி 1962 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

கருத்து வேறுபாட்டால் கல்கத்தா நிறுவனத்தை 1961 இல் நீங்கி, 1962 இல் ஒரிசா மாநிலப் புவனேசுவரத்திலே புதிய ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கினார். ஈராண்டே அதனை நடத்தக் கிடைத்தது. குடலிற் புற்றுநோய் கண்டது. நோயைக் கண்டு மனமொடியாது, அதனை நகையாடும் கவிதையொன்றை எழுதி 1964 இல் இலண்டன் வார இதழில் வெளியிட்டார். ஏளனத்துக்காக எழுதியதன்று, அறிகுறி கண்டவுடன் வைத்தியரிடம் செல்லுமாறு பிறரைத் தூண்டுதற்கே எழுதினார். அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராய மருத்துவக் கல்லூரிக்கு மாணவரின் ஆய்வுக்காக அளிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் தம் உடம்பைச் சோதனைக்கு ஈந்தவர் இறந்த பின்னரும் அதனையே செய்தார்.

எங்கள் குடியும் அவர் கணக்கும்

இனி, என் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறியதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு மாணவன் மாதந்தோறும் இரண்டு நாள் வராது நிற்பான். மெலிந்த உடல், வெளிறிய முகம். வீட்டுப் பாடமும் பிந்தும். ஒருநாள் பொறுமையிழந்து வகுப்பின் முன்னே அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறாது தலை குனிந்து நின்றான். மறுநாள் அவன் தாயார் வந்து, தன் மகனுக்குத் தலசீமியா என்பதையும், மாதந்தோறும் வைத்தியசாலையிற் குருதி ஏற்றுவதையும், ஏற்றிய குருதியிலிருந்து உடம்பில் தேங்கும் இரும்பை நீக்க இரவிரவாகத் தோலின்கீழ் மருந்து செலுத்துவதையும் கூறினார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அத்தாயும் தந்தையும் மச்சான் மச்சாள் முறையினர். தந்தை, தாயாரின் மாமி மகன்.

அந்நோயைப் பற்றித் தேடிப் படிக்கும்போதுதான் ஹோல்டேனின் பெயர் என் கண்ணிற் பட்டது.

எங்கள் கரையோர ஊர்களிலே குடி என்பது தாய்வழி வருவது. தாய் எக்குடியோ பிள்ளையும் அக்குடி. ஒரே குடியிற் பெண் கொள்ளலாகாது என்பது முன்னோர் விதி. எனவே சாச்சியின் மக்கள் உடன்பிறந்தார். அவர்களிடையே மணப்பேச்சு எழாது. மாமன் மகளோ வேறு குடியினள். அவளை மணப்பது உரிமை. இவ்வழக்கம் உறவையும் காணியையும் சிதறாது காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏட்டுக் கணக்கு குடியை அறியாது. சாச்சி மகளாயினும் மாமன் மகளாயினும் ஒருவனோடு எட்டிலொரு பங்கு ஏடுகளைப் பொதுவாக உடையவளே. ஒரே பாட்டன் பாட்டியரிடமிருந்து வந்த ஒரே ஏடு இரு வழியாலும் ஒரு பிள்ளையிற் சந்திப்பதற்கு ஒவ்வோரிடத்திலும் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. உறவு மணம் நோயைப் படைப்பதில்லை; ஒளிந்து கிடக்கும் பிழையேடுகள் சந்திக்கும் வாய்ப்பை மிகுவிக்கின்றது. அயலிற் பெண் கொண்டோர்க்கும் அச்சந்திப்பு நேரலாம். ஓரேட்டுப் பிழையுடைய ஆணும் அத்தகைய பெண்ணும் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலிலொரு வாய்ப்பு. மெண்டெலின் பச்சைப் பட்டாணி அது. முதற் பிள்ளைக்கு வந்ததனால் அடுத்த மூன்றும் தப்பும் என்று எண்ணுவோர் உளர். அது பிழை, சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகவே குலுக்கப்படும்.

என் மூத்த மகனுக்கு என் தங்கை மகளையே பேசியிருந்தோம். சிறுவயதிலேயே வாய்ச்சொல்லால் முடிந்த காரியம். திருமண நாள் குறிக்க வந்தபோது, இருவருடைய குருதியையும் முதலிற் சோதித்துவிடுவோம் என்று நான் சொன்னேன். தங்கையின் முகம் சுருங்கியது. தன் மகளிடத்திலே குறை தேடுகிறேன், காக்கா மனம் மாறிவிட்டார் என நினைத்துக்கொண்டாள். மூன்று கிழமை என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஊரிலும் பலவாறு பேசினர். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பண்டிதனுக்கு வைத்தியர் வேலை எதற்கு என்றார் ஒருவர். நான் வாதாடவில்லை. அந்த மாணவனின் வீட்டுக்குத் தங்கையை ஒருமுறை அழைத்துச் சென்றேன். அத்தாயார் எல்லாவற்றையும் கூறினார். திரும்பி வரும் வழியில் தங்கை ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில் மகளை அழைத்துக்கொண்டு தானே வைத்தியசாலைக்குப் புறப்பட்டாள்.

முடிவு வந்தது. தங்கை மகளின் ஏடுகள் இரண்டும் பிழையற்றவை. என் மகனிடம் ஓரேட்டுப் பிழை இருந்தது. பின்னர் எங்கள் குருதியையும் சோதித்தபோது, அவன் அதனைப் பெற்றது என்னிடமிருந்தே என்பது தெளிவாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டு என்னுள்ளே வாய் திறவாது கிடந்த பாடபேதம் அது. என் பெற்றோரில் எவர் தந்தாரென்று இனி அறியும் வழியில்லை; இருவரும் மண்ணறையில் உறங்குகின்றனர். பிறர் சுவடியிற் பிழை தேடுகிறேன் என்று பழிக்கப்பட்டவன் தன் சுவடியிலேயே அதனைக் கண்டேன். தங்கை அன்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலே மூன்று கிழமைக் கோபமும் கரைந்தது.

ஒருவரிடம் மாத்திரம் பிழை இருந்தால் பிள்ளைக்கு நோய் வாராது. ஆகவே திருமணம் குறித்தபடி நடந்தது. வழக்கப்படி மகன் மனைவி வீட்டிற்குச் சென்றான். சென்ற ஆண்டு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த பெண்கள் மூக்கையும் நெற்றியையும் பங்கு பிரித்தனர். கன்னத்துக் குழி என் தாயாருடையது என்று முடிவு செய்தனர். என் ஏடு அவளுக்குச் சென்றதா இல்லையா என்பதைக் கன்னத்திற் காண இயலாது. சரிபாதி வாய்ப்பு. அவள் வளர்ந்து மணப்பருவம் எய்தும்போது ஒரு துளி குருதி அதனைச் சொல்லிவிடும். அதனை மறவாது கேட்கும்படி பெற்றோருக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். திருமணத்துக்கு நாள் பார்க்கிறோம், காணி உறுதி பார்க்கிறோம், குடி பார்க்கிறோம். அவற்றோடு இதனையும் சேர்த்துப் பார்ப்போம். இச்சோதனையில் எவருக்கும் இழுக்கில்லை. ஏட்டிற் பிழை எவர் வீட்டிலும் உண்டு. அது எங்கே இருக்கிறதென்று அறிந்துகொள்வது நம் கடன். வகுப்பிலே கடிந்துகொள்ளப்பட்ட அந்த மாணவன் இன்று உயர்தர வகுப்பிற் படிக்கிறான். மாதத்தில் இரண்டு நாள் அவன் இருக்கை இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அந்நாட்களில் நடத்தும் பாடத்தை அவனுக்காக நான் மறுபடியும் நடத்துகிறேன்.